கடலை மறக்கச் செய்த அறை

சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் கையெழுத்தைப் பார்த்தேன்.

சீசாப் பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், பழைய தளபாடத் தொழிற்சாலையின் கொட்டகைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே ஒரு கண்காட்சி என்று ஜெனி என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் காலத்துப் பெரிய பயணக் கப்பல்களின் முதல் வகுப்பு அறைகளை எப்படி அலங்கரித்தார்கள் என்று காட்டுகிறார்களாம். எனக்கு முழங்கால் வலி. ஞாயிறு ஒரு நாள்தான் படுத்துக் கிடக்கலாம். பிள்ளை ஆசையாகக் கேட்டாள் என்று போனேன். மூன்றாவது கொட்டகையின் கதவைத் தாண்டியதும் தேன்மெழுகு வாசனை வந்தது. கால் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் சுவரைப் பார்த்தேன். வெளிர் மஞ்சள் பலகைகள், அவற்றில் சிப்பி பதித்த கசகசாப் பூக்கள், மூலைகளில் வளைந்து ஏறும் தண்டுகள். கால்சாப் பகுதியில் நீ வேலை செய்த வீட்டில் எட்டு வருடம் துடைத்த அதே சுவர்.

பக்கத்தில் ஒரு பெரிய புகைப்படம் தொங்கியது. ஒரு பலகையின் பின்புறத்தைப் படம் எடுத்திருந்தார்கள். மேலே தொழிற்சாலைக்காரர்கள் நீலப் பென்சிலால் போட்ட இலக்கம். அதன் கீழே உன் சாய்ந்த எழுத்து: ‘யன்னல் பக்கம் 4. கண்ணாடிக்குக் கீழ. மெல்லமாப் பிடி.’ படத்துக்கு அடியில், இது இன்னதென்று அறியப்படாத எழுத்து, கப்பலில் வேலைசெய்த கிழக்கு நாட்டு மாலுமி ஒருவர் எழுதியதாக இருக்கலாம் என்று அச்சடித்து வைத்திருந்தார்கள்.

ஜெனி கோயில் வகுப்பில் படித்த தமிழை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். “அம்மா, இது தமிழ் எல்லோ?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அங்கே பொறுப்பாக நின்ற பெண்ணிடம் போய் இத்தாலியனில் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கொப்பியும் கையுமாக ஓடி வந்தாள். அந்தப் பலகைகளைப் பழுதுபார்த்தவள் அவள்தானாம். யார் எழுதியது என்று கேட்டாள். என்னுடைய நண்பி என்றேன். கப்பல் அறையின் பலகைக்குப் பின்னால் உங்கள் நண்பி ஏன் எழுதினார் என்று கேட்டாள். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இன்று வெள்ளி. நேற்று அவளிடம் என்ன சொன்னேன் என்பதை உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும்.

நாம் சந்தித்தது குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில், பெர்மெசோ என்ற வதிவிட அனுமதிக்காக நின்ற வரிசையில். நான் ஊர்காவற்றுறையிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விமானத்திலும் ரயிலிலும், எவருடையவோ கடவுச்சீட்டில், பயந்து பயந்து என்றாலும் உட்கார்ந்த இடத்திலேயே வந்து சேர்ந்தவள் நான். நீ மன்னார்ப் பேசாலைக்காரி. துருக்கிப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து சரக்குக் கப்பலின் அடித்தட்டில் பதினேழு நாள் கிடந்து வந்தவள். நான் நிரப்பிய படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, என்னுடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயரை எழுதியிருக்கிறேன் என்று காட்டினாய். அன்று நான் அந்தப் படிவத்தோடு உள்ளே போயிருந்தால் இன்னும் எத்தனை தரம் அலைந்திருப்பேனோ.

மீன்பிடிகாரரின் மகளாக இருந்தும் நீ கடற்கரைக்கு வரமாட்டாய். கோடையில் எங்கள் ஆட்கள் எல்லோரும் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு மொண்டெல்லோவுக்குப் போவார்கள். நீ தலையிடி என்பாய். அப்படிப்பட்ட உனக்குக் கிடைத்த வேலை ஒரு கப்பல் அறையைத் துடைப்பது.

கால்சாவில் மூன்றாம் மாடி. வீட்டுக்கார அம்மாவுக்கு, நாம் சின்யோரா என்றுதான் சொல்வோம், அப்போதே எண்பது நெருங்கிவிட்டது. புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை, மிலானோவில் ஒரு மருமகன் மட்டும், தம்பியின் மகன். உடைந்த படிகளும் ஈரச் சுவர்களுமாக இருந்த அந்த வீட்டின் நடுவே ஒரு கதவைத் திறந்தால் வேறொரு உலகம். முதல் நாள் நீ என்னைப் பெரிய துப்புரவுக்கு உதவிக்குக் கூட்டிப்போனபோது, நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தேன். சுவர் முழுவதும் பலகை. சுவரோடு சுவராக வளைந்து ஓடும் நீண்ட சாய்விருக்கை, மங்கிய பச்சை வெல்வெட். எதிரெதிரே ஆள் உயரக் கண்ணாடிகள். கூரையின் உட்புறத்தில் வெள்ளைப் பூங்கொத்துகள், ஓரத்தில் மெல்லிய பொன் கோடு. யன்னல் என்று நினைத்துத் திரையை விலக்கினேன். பின்னால் மின்விளக்கும் பால்நிறக் கண்ணாடியும்தான் இருந்தன. வெளியே பார்க்க எதுவும் இல்லை.

அது ஒரு கப்பலின் முதல் வகுப்பில் பெண்கள் அமர்ந்து கோப்பி குடிக்கிற கூடமாம். சின்யோராவின் அப்பா சீசாத் தொழிற்சாலையில் வரைகிறவராக இருந்திருக்கிறார். அந்தக் கசகசாப் பூக்கள் அவர் கை வரைந்தவை. அவர் செய்த வேலையைச் சின்யோரா ஒரே வரியில் சொல்வார்: “காசுள்ளவர்களுக்குக் கடலை மறக்கச் செய்வது.” அதனால்தான் யன்னல் இல்லாத இடத்தில் யன்னல். அதனால்தான் அறை முடிகிற இடத்தில் கண்ணாடி வைத்து, அந்தப் பக்கமும் ஒரு கூடம் தொடர்கிறது என்று காட்டுவது. உட்கார்ந்திருப்பவர்கள் ஏதோ பெரிய மாளிகையில் இருப்பதாக நினைக்க வேண்டும். அலை அடித்தால்தான் உண்மை தெரியும்.

நீ அந்த அறையைத் துடைத்துத் துடைத்தே அதன் கள்ளங்களை எல்லாம் கண்டுபிடித்துவிட்டாய். கூரைப் பூங்கொத்துகள் சாந்து இல்லை, கடதாசிக் கூழ் என்று நீதான் எனக்குக் காட்டினாய். இறகுத் துடைப்பத்தால் தட்டிப் பார்த்தபோது சத்தம் லேசாக வந்தது. சாந்து என்றால் இயந்திரம் அதிர அதிர வெடித்து விழுந்துவிடும், பாரமும் கூட என்று சின்யோரா பிறகு விளக்கினாராம். மேசை விளிம்பில் விரற்கடை உயரத்துக்கு ஒரு வரம்பு இருந்தது. அழகுக்கு என்று நான் நினைத்தேன். கோப்பை சரிந்து விழாமல் இருக்க என்றாய்.

ஒரு நாள் கதிரைகளைக் கவிழ்த்து வைத்து மெழுகு பூசினோம். ஒவ்வொரு கதிரைக்கு அடியிலும் ஓர் இரும்புக் கொளுக்கி தொங்கியது. தரையில் இருக்கும் வளையத்தில் மாட்டிவிட்டால் கதிரை அசையாது. நீ அந்தக் கொளுக்கியைப் பிடித்தபடி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாய். உன் கப்பலில் காற்று அடித்த நாட்களில், சால்வையால் உன்னை ஒரு குழாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிடந்ததை அன்றுதான் சொன்னாய். அதுவரை எனக்குப் பதினேழு நாள் என்ற கணக்கு மட்டும்தான் தெரியும். சின்யோரா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் விளங்காது, ஆனால் என்ன கதை என்று கேட்டார். உன் அரைகுறை இத்தாலியனில் மறுபடி முழுவதும் சொன்னாய்.

அவர் உன்னைப் பிடித்து அந்தப் பச்சை இருக்கையில் உட்கார வைத்தார். பிறகு தன் அப்பாவின் கதை ஒன்றைச் சொன்னார். கப்பலுக்குள் பலகைகளைப் பொருத்திப் பூட்டி முடித்துவிட்டு, விரலெல்லாம் பொன்தாள் ஒட்டியபடி அப்பா இறங்கி வந்திருக்கிறார். துறைமுகத்தில் மூன்றாம் வகுப்பு வரிசையில் மூட்டையோடு அவருடைய பெரியப்பா மகன் நிற்கிறான், அமெரிக்காவுக்குப் போக. ‘நான் செய்த அறையைப் பார்க்கிறாயா?’ என்று அவனிடம் கேட்க வாய் வரவில்லையாம். கேட்டாலும் விடமாட்டார்கள். கப்பல் கிழடாகி உடைக்கப்பட்டபோது அந்த அறையை மட்டும் தேடிப் போய் வாங்கி, வீட்டுக்குள் பூட்டினார். அந்தச் சொந்தக்காரன் திரும்பி வரவே இல்லை.

அன்றிலிருந்து பதினொரு மணிக் கோப்பியை நீ அந்த அறையில் இருந்துதான் குடித்தாய். சின்யோரா இருக்கும்வரை.

சின்யோரா இறந்து இரண்டு கிழமையில் மருமகன் வந்தான். கெட்டவன் என்று சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. அவசரக்காரன். வீட்டை நாலாகப் பிரித்து உல்லாசப் பயணிகளுக்கு அறை விடப் போவதாகவும், திங்கட்கிழமை வேலையாட்கள் வந்து எல்லாவற்றையும் உடைத்து எடுப்பார்கள் என்றும் சொன்னான். உன்னிடம் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னான். சுவரில் இருப்பதையும் சேர்த்துச் சொன்னான். நான் கதவடியில் பெட்டிக்குள் பாத்திரம் அடுக்கிக்கொண்டு நின்றேன். எல்லாம் என் காதில் விழுந்தது.

சனியும் ஞாயிறும் அந்த அறையைக் கழற்றினோம். நீ, நான், ஜெனியின் அப்பா. திருகாணி எங்கே என்று இவர் தேடிக்கொண்டு நிற்க, நீ பலகையின் மூலையில் பொத்தான் அளவு இருந்த மரத்துண்டு ஒன்றைக் கத்தி நுனியால் கிளப்பினாய். உள்ளே இருந்தது திருகாணி. எட்டு வருடம் விரலால் தடவித் தடவித் தெரிந்து வைத்திருந்தாய். கழற்றிய ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எழுதினாய். அறுபதுக்கு மேல் இருந்தன. மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. பழைய போர்வைகளில் சுற்றி ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து இறக்கி, இவருடைய மரக்கறி வானில் ஏற்றினோம். எங்கே கொண்டுபோகப் போகிறாய் என்று ஞாயிறு மத்தியானம்தான் கேட்டேன்.

“கோயிலடி அறைக்கு. ஃபாதரைக் கேட்டிட்டன். எங்கடை சனம் கதைச்சுக்கொண்டிருக்க ஒரு வடிவான இடம் வேண்டாமே?”

பூசை முடிந்தபின் நாம் எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்கிற அந்தப் பின் அறை, பூஞ்சணம் பிடித்த சுவர்களோடு இருந்ததே, அதில் பூட்டப் போகிறாயாம். ஒரு சுவர் பூட்டியும் முடித்தாய். அடுத்த ஞாயிறு மன்னார் ஆட்களும் யாழ்ப்பாணத்து ஆட்களும் வந்து நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். முதல் வகுப்பில் ஏறியிருக்கிறோம் என்று எவரோ பகிடி விட்டார்கள். நீ சிரிக்கவில்லை. பூவில் கை வியர்வை படாமல் பாருங்கள் என்று எல்லோரையும் விரட்டினாய்.

அடுத்த மாதம் பழைய பொருள் வாங்குகிற ஒருவர் அந்தக் கப்பல் அறையைத் தேடி மருமகனிடம் போனார். அதன் மதிப்பு அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ களவெடுத்தாய் என்று பொலிஸில் தெனூன்சியா, அதுதான் முறைப்பாடு, கொடுத்துவிட்டான். பாத்திரங்களையும் உடுப்பையும்தான் எடுக்கச் சொன்னேன், சுவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தான்.

யாரோடு சேர்ந்து கழற்றினாய் என்று பொலிஸ் கேட்டதற்கு, தனியாக என்று சொல்லியிருக்கிறாய். அறுபது பலகையை மூன்று மாடியிலிருந்தா என்று அவன் உன்னை ஏற இறங்கப் பார்த்தானாம். நான் பேசாலைக்காரி என்றாயாம். அவனுக்கு என்ன விளங்கியிருக்கும்.

கோயில் மூலம் கிடைத்த வக்கீல் விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டார். அவன் சொன்னதைக் கேட்ட ஒருவர் வந்து சாட்சி சொன்னால் போதும், இது நிற்காது. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். ஜெனிக்கு ஆறு வயது, மேசைக்கு அடியில் படம் கீறிக்கொண்டிருந்தாள். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பொலிஸ் கோப்பில் எங்கள் பெயர் ஏறினால் எல்லாம் நின்றுவிடும் என்று இவர் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேல் பழி போடவில்லை. எனக்கும் அதே பயம்தான். நீ கேட்பதற்கு முன்பே நான் பதிலைத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

நீ தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டாய். “எடி, அண்டைக்கு அவன் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்குத்தானே?”

“எனக்கு வடிவா ஞாபகம் இல்லையடி,” என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் குழாயடியில் கழுவுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று திரும்பிக்கொண்டேன்.

“ஓம், நீ பாத்திரத்தோடை நிண்டனி. கேட்டிருக்காது,” என்றாய். மிச்சத் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாய். ஜெனியின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அது என்ன மிருகம் என்று விசாரித்தாய். பிறகு, “வாறன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாய்.

அதன்பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். வீட்டு வேலை இழுபட்டு அந்த அறை இன்னும் இடிபடாமல் கிடந்ததாம்; எல்லாவற்றையும் இருந்தபடி திருப்பிப் பூட்டினால் முறைப்பாட்டை விலக்குவதாக மருமகன் சொல்லியிருக்கிறான். வாங்க வருகிறவர் அறையை அறையாகப் பார்க்க வேண்டுமாம். நீ கோயிலடி அறையில் பூட்டிய சுவரைக் கழற்றி, எல்லாவற்றையும் கால்சாவுக்குத் திருப்பி அனுப்பினாய். இரண்டு வேலையாட்களை வைத்துக்கொண்டு ஆறு நாளில் அந்த அறையை மறுபடி எழுப்பினாய். உன் பென்சில் எழுத்து இல்லாவிட்டால் அது கூடி வந்திருக்காது என்று அந்த வேலையாட்களில் ஒருவர், மொறீசியஸ்காரர், இவரிடம் சந்தையில் சொன்னார். கடைசி நாள் மருமகன் வந்து பார்த்தானாம். நீ ஒரு துணியை எடுத்து, அவர்கள் கை பட்ட இடமெல்லாம் மெழுகு பூசித் துடைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாயாம்.

அறையை அந்த மனிதர் வாங்கி வடக்கே கொண்டுபோனார். முறைப்பாடு விலகியது. ஆனால் அது விலகிவிட்டது என்ற கடதாசி ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர ஒரு வருடம் எடுத்தது. அதுவரை உன் பெர்மெசோ புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. அந்த வருடம்தான் பேசாலையில் உன் அம்மா இறந்தார்.

இறுதிச் சடங்கை நீ ஜெனியின் மாமா வீட்டுக் கணினியில் பார்த்தாய். படம் நின்று நின்று வந்தது. அம்மாவின் முகம் தெரிந்த இடத்தில் ஒருமுறை உறைந்து நின்றுவிட்டது. யாரோ சரிபண்ணப் போக, நீ வேண்டாம் என்று கையைக் காட்டினாய். நான் உனக்குப் பின்னால் நின்றேன். அப்போது நான் போய்ச் சாட்சி சொல்லியிருந்தால் நீ அங்கே அம்மாவின் பக்கத்தில் இருந்திருப்பாய் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

எங்களுக்குக் குடியுரிமை அந்தக் கார்த்திகையில் கிடைத்தது. சின்ன விருந்து வைத்தோம். நீ வருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு தட்டு பற்றீஸோடு முதல் ஆளாக வந்தாய். கால்சாவில் உன்னை வீட்டு வேலைக்கு எடுக்க எவரும் இல்லாமல், நீ ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் சட்டி கழுவிக்கொண்டிருந்த காலம் அது. விரல் நுனிகள் வெடித்திருந்தன. அந்தக் கையால் ஜெனிக்குத் தலை பின்னிவிட்டாய்.

பிறகும் நாம் நண்பிகளாகத்தான் இருந்தோம். ஞாயிறு பூசை, பிறந்தநாள், வியா மக்வேதாக் கடைத்தெருவில் மலிவு விற்பனை வந்தால் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் நீ என்னிடம் ஓர் உதவியும் கேட்கவில்லை. பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. சீனி முடிந்துவிட்டது என்றுகூடக் கேட்டதில்லை. நான் அதைக் கவனித்தேன். நான் கவனித்ததை நீயும் கவனித்திருப்பாய்.

போன வருடம் பங்குனி மாதம், ஈரலில் வந்த நோய் முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்வையாளர் நேரத்தில் நான் தினமும் வந்தேன். ஒரு பின்னேரம் பக்கத்துக் கட்டில் வெறுமையாக இருந்தது. அன்றுதான் வாயைத் திறந்தேன். அன்றைக்கு எனக்கு ஞாபகம் இருந்தது என்றேன். ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது என்றேன். அழக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனதால், தோத்திரம் சொல்வதுபோல மடமடவென்று சொல்லி முடித்துவிட்டேன்.

“எனக்குத் தெரியும்,” என்றாய். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். “உனக்குப் பிள்ளை இருந்தது.”

நான் அது ஒரு காரணம் இல்லை என்றேன்.

“காரணம்தான். நீ என்ர இடத்திலை இருந்து, நான் உன்ர இடத்திலை இருந்திருந்தா, ஓடிப்போய்ச் சொல்லியிருப்பன் எண்டு நினையாதை. எனக்குத் தெரியாது. அந்தக் கப்பலுக்கை ஒருத்தி தண்ணி கேட்டவள். இல்லையெண்டு சொன்னனான். போத்தில் சட்டைக்குள்ளை இருந்தது.”

அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

“ஒண்டும் நடக்கேல்லை. கனடாவிலை இருக்கிறாள். நத்தார் வாழ்த்துக் காட் போடுறவள்.” உனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். “எண்டாலும் சொன்னது சொன்னதுதான் என்ன?”

ஓம் என்றேன். நீ என் கையை எடுத்து உன் கைக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாய். மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தோம். வெளிக்கிடும்போது, நாளைக்கு வரும்போது ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு வா என்றாய். வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்பது நாளில் நீ போய்விட்டாய்.

நேற்றைய வியாழனுக்கு வருகிறேன்.

வேலை செய்கிற வீட்டில் ஒரு மணி நேரம் முந்திக் கேட்டு இறங்கி, சீசாவுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். அந்தப் பெண் என்னை ஒரு சின்ன அறைக்குள் அழைத்துப் போய், புகைப்படங்களைப் பரப்பி வைத்தாள். அறுபத்திமூன்று பலகை. எல்லாவற்றின் பின்னாலும் நீ. நான் ஒவ்வொன்றாக வாசித்து இத்தாலியனில் சொல்ல, அவள் எழுதினாள். பெரும்பாலும் இடம், இலக்கம், மெல்லமாப் பிடி. ஒன்றில் மட்டும் ‘இதிலை சின்யோராவின்ர தலை படுற இடம்’ என்று இருந்தது. அவள் உடனே எழுந்து போய் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, அதில் ஓரிடத்தில் மெருகு தேய்ந்திருந்ததற்குக் காரணம் தெரியாமல் இருந்ததாகச் சொன்னாள்.

பிறகு அவள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். எங்கள் ஆவணங்களின்படி அறையைக் காப்பாற்றியவர் அதை விற்றவர்தான். உங்கள் நண்பி அவரிடம் கூலிக்குக் கழற்றினாரா?

இல்லை என்றேன். முதலிலிருந்து சொன்னேன். வீட்டை உடைக்க வந்ததையும், சனி ஞாயிறில் கழற்றியதையும், கோயிலடி அறையையும், தெனூன்சியாவையும், ஆறு நாளில் நீ திருப்பிப் பூட்டியதையும், உன் அம்மாவையும் சொன்னேன். அவள் ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுதச் சொன்னேன். மருமகன் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், கைகளை முழங்கை மட்டும் மடித்திருந்தான், கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான் என்று சொல்லிவிட்டு, அவன் உன்னிடம் சொன்னதை அவனுடைய பாஷையில் அப்படியே சொன்னேன்.

“எல்லாவற்றையும் கொண்டு போங்கள், சின்யோரா. சுவரில் இருப்பதையும்தான். எனக்கு அது குப்பை.”

நீங்கள் கேட்டீர்களா என்றாள். நான் கதவடியில் நின்றேன், கேட்டேன் என்றேன். அப்போது ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்காததால் நானே சொன்னேன். பயந்துவிட்டேன், ஞாபகம் இல்லை என்று பொய் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்துக் கடதாசியை என் பக்கம் திருப்பினாள். உன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். புகைப்படத்துக்கு அடியில் இருக்கும் குறிப்பை மாற்றுவதாகவும், அதில் உன் முழுப்பெயர் வரும் என்றும் சொன்னாள். கையெழுத்துக்குப் பக்கத்தில், சொல்பவர் யார் என்று எழுத ஓர் இடம் இருந்தது. நண்பி என்று போடட்டுமா என்று கேட்டாள்.

சாட்சி என்று போடச் சொன்னேன்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். முழங்கால் வலித்தது. பொருட்படுத்தவில்லை. அவன் சொன்ன வாக்கியத்தை இத்தனை வருடம் நான் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். சந்தையில், பேருந்தில், மற்றவர்களின் குசினிகளில். நேற்று அதைக் கடதாசியில் இறக்கிவிட்டேன். இனி அது அவர்களுடைய அலுமாரியில் இருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது நீ கட்டிலில் கிடந்து சொன்ன ‘எனக்குத் தெரியும்’ மட்டும்தான். அதையும் எழுதட்டுமா என்று அந்தப் பெண் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது எனக்குச் சொன்னது. என்னோடேயே இருக்கட்டும்.